தினம் பத்துச் சொல்

பேசினால் அகராதியைத் தேட வைக்கும் கமல்ஹாசன் 1954-ல் பிறந்த ஊர் பரமக்குடி. இன்று அங்கே டியூஷன் பிள்ளைகள் தினம் பத்து ஆங்கிலச் சொல் உருப்போடுகிறார்கள். பலன்? பரீட்சை எப்படி? ‘செம.’ பரோட்டா? ‘செம.’ தாத்தா சாவுக்கு வந்த கூட்டம்? அதுவும் ‘செம’தான்.

திண்ணைப் பள்ளியில் நிகண்டைப் பாட்டாகவே ஒப்பிக்க வைத்தார்கள், தப்பினால் பிரம்பு. சென்னைப் பல்கலைக்கழகத் தமிழ் லெக்சிகனில் ஒரு லட்சத்துக்கு மேல் சொற்கள். 1936-க்குள் ஆறு தொகுதியும் வந்தாயிற்று. புரட்டத்தான் ஆளில்லை.

பரமக்குடியில் ஆற்றுக்கு அந்தப் பக்கம், எமனேசுவரத்தில் தறிச் சத்தம் இன்னும் கேட்கிறது. பாவு, ஊடை, நாடா, அச்சு என்று தறிக்காரர் வாயில் சொற்கள் சரளமாக வரும். போய்க் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள், தம்பிகளா. ஃபீஸ் கிடையாது.