கேரம் பலகையைச் சுற்றியுள்ளோர்: வகையும் நோக்கமும்

மக்கள் ஏன் விளையாடுகிறார்கள் என்னும் வினாவை ஆராய்ந்து 1996-இல் கட்டுரை எழுதியவர் ரிச்சர்ட் பார்ட்டில். எசெக்ஸ் பல்கலைக்கழகத்தில் ராய் ட்ரப்ஷாவுடன் சேர்ந்து, பலர் ஒரே நேரத்தில் ஆடும் எழுத்துவழிக் கணினி விளையாட்டை உருவாக்கியவர் அவர். ஆடுவோரை நால்வகையாக்கிச் சீட்டுக்கட்டின் இனங்களோடு பொருத்தினார்: சேர்த்துக் குவிப்போர் டைமன், தோண்டித் துருவுவோர் இஸ்பேட், பேச வருவோர் ஆடுதன், அடித்து மகிழ்வோர் கிளாவர். அதே 1996-இல்தான் சென்னையின் மரிய இருதயம் கேரத்துக்காக அர்ஜுனா விருது பெற்றார். இவ்விரண்டுக்கும் உள்ள தொடர்பை இதுவரை எவரும் ஆராயவில்லை. நாமும் ஆராயப் போவதில்லை. பார்ட்டிலின் பகுப்பு வடசென்னைக் கேரம் மன்றத்தில் செல்லுமா என்பதே நம் வினா.

டைமனுக்குப் பாயிண்ட்டே பிராணன். ரெட்டுக்கு 3 பாயிண்ட். 22-ஐ எட்டியவருக்கோ அந்த மூன்றும் கிடையாது. மனைவியின் பிறந்தநாளை மறப்பவரும் இவ்விதியை மறப்பதில்லை. ரெட்டைப் போட்டபின் ஃபாலோ விழவில்லையெனில் ரெட் நடுவுக்குத் திரும்பும். அந்த ஓர் அடிக்கு முன் இவர் சாமி கும்பிடுவார். நாத்திகர்களும் கும்பிடுவது களத்தில் பதிவாகியுள்ளது.

இஸ்பேட் தன் ஸ்ட்ரைக்கரைக் கைக்குட்டையில் சுற்றிக் கொண்டுவருபவர். அது 15 கிராமைத் தாண்டக்கூடாது என்ற விதியைக் கேளாமலே சொல்வார். போரிக் பவுடரைத் தூவி, ஊதி, புறங்கையால் தேய்த்து, மழைக்காலத்தில் போர்டு ஏன் இழுக்கிறது என்று விளக்கி முடிப்பதற்குள் எதிராளி டீ குடித்துத் திரும்பிவிடலாம். பாக்கெட் வாயில் நிற்கும் தன் காயினை இவர் தொடமாட்டார். இரண்டு கட்டைகளில் மோதித் திரும்பி வந்து விழவேண்டிய காயினையே குறிவைப்பார். அது விழுவதில்லை. அற்றேல், இவர் ஆடுவது எதற்கு எனின், ஏன் விழவில்லை என்று அறிதற்பொருட்டு என்க.

ஆடுதன், தன் முறை வரும்போதெல்லாம் “நமக்கு வெள்ளையா கறுப்பா?” என்று கேட்பவர். இவரைப் பற்றி மேலும் எழுத ஒன்றுமில்லை. அவரே எல்லாம் சொல்லிவிடுவார். கிளாவரோ தன் காயினைப் போடமாட்டார். எதிராளியின் பாக்கெட்டை அடைத்துக்கொண்டு அதை நிறுத்திவைப்பார். தோற்றாலும் நன்றாகச் சாப்பிடுவார்.

இதுவரை பார்ட்டில் செல்லும். இனிச் செல்லாது. பலகையில் அமர்வோர் நால்வரே. பல்பின் வெளிச்சம் எட்டும் இடம்வரை நிற்போர் அதற்கு மேல். கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு, “தம்பி, அத விடு, இத கட் அடி” என்பவர் இவர்களுள் தலையாயவர். கணினிக்குள் நுழையாதவன் கணக்கில் வரமாட்டான். அதனால் பார்ட்டிலுக்கு இவர் சிக்கவில்லை. காயின் விழுந்தால் இவர் யோசனை. விழாவிட்டால், “நான் சொன்ன மாதிரி நீ அடிக்கல.” எனவே பல ஆண்டுகளாக மன்றத்தில் தோல்வியே காணாத ஒரே மனிதர் இவர்.

அஃதேல் இவரே உட்கார்ந்து ஆடலாகாதோ எனின், ஆகாது. நான்காமவர் போன் பேச எழுந்துபோக, காலி நாற்காலியை இவர் பக்கம் திருப்பி, “வாங்கண்ணே” என்று அழைத்துப் பார்த்தோம். முதுகு வலி என்றார். நின்றுகொண்டேதான் சொன்னார்.

இவ்வகைக்கு ஜோக்கர் என்று பெயரிடலாமா என்னும் ஐயத்தோடு, கட்டுரையின் படியை அவரிடமே காட்டினோம். பெயரைப் பற்றி அவர் ஒன்றும் சொல்லவில்லை. “அந்த விருது மேட்டர முன்னாடி கொண்டாங்க சார். ஆடுதன கட் பண்ணுங்க, இழுக்குது” என்றார். அவ்வாறே செய்துள்ளோம். கட்டுரை சோபிக்கவில்லையேல், அவர் சொன்ன மாதிரி நாம் எழுதவில்லை என்று கொள்க.