பெட்டியைப் பார், பிறகு ஓ.எஸ். போடு

பெங்களூரு எஸ்.பி. ரோட்டில் செகண்ட்ஹேண்ட் கம்ப்யூட்டர் வாங்கினால் எந்த ஆப்பரேட்டிங் சிஸ்டம் போடலாம்? (அல்சூர்)

முதலில் புராசஸர், அடுத்து ரேம், கடைசியில்தான் ஆசை. புராசஸர் 32 பிட் என்றால் விண்டோஸ் 11-ஐ மறந்துவிட வேண்டியதுதான். அது 64 பிட்டில் மட்டுமே வருகிறது. லினக்ஸிலும் கதவுகள் மூடிக்கொண்டே வருகின்றன. டெபியன், 2025-இல் வந்த தன் 13-ஆம் பதிப்பில் 32 பிட் இன்ஸ்டாலரை நிறுத்திவிட்டது. 64 பிட் புராசஸரும் 2 முதல் 4 ஜி.பி. ரேமும் இருந்தால் லினக்ஸ் மின்ட்டின் எக்ஸ்.எஃப்.சி.இ. பதிப்போ லுபுன்டுவோ பொருந்தும். பிரவுசரில் இருபது டேப் திறக்காதவரை நிம்மதி. பழைய ஹார்ட் டிஸ்க்கைக் கழற்றி எஸ்.எஸ்.டி. மாட்டினால், ஓ.எஸ். மாற்றியதைவிட வித்தியாசம் அதிகம் தெரியும்.

விண்டோஸ் 10 ஜோராக ஓடுகிறது. 11 மட்டும் ஏற மறுப்பது ஏன்? (சிவாஜிநகர்)

வேகம் போதாமல் அல்ல, அடையாள அட்டை இல்லாமல். டி.பி.எம். 2.0 என்ற பாதுகாப்பு வசதி, 4 ஜி.பி. ரேம், 64 ஜி.பி. சேமிப்பிடம், இன்டெல் என்றால் பெரும்பாலும் 8-ஆம் தலைமுறை அல்லது அதற்குப் பிந்தைய புராசஸர் என்று விண்டோஸ் 11 பட்டியல் போடுகிறது. அதனால் 16 ஜி.பி. ரேமோடு கம்பீரமாக வரும் 6-ஆம் தலைமுறை கோர் ஐ7 வாசலிலேயே நிற்க, 4 ஜி.பி. ரேம் வைத்த செலரான் என்4000 உள்ளே போய் உட்கார்ந்துவிடுகிறது. உட்கார்ந்தது எழுந்து நடக்குமா என்பது வேறு கேள்வி! விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-உடன் முடிந்துவிட்டதால், இப்படி வெளியே நிற்கும் பெட்டிகளுக்கு லினக்ஸ் நல்ல புகலிடம்.

லினக்ஸ் போட்டால் வைஃபை வராதாமே? (ஸ்ரீராமபுரம்)

வரும், டிரைவர் இருந்தால். ஓ.எஸ்.ஸுக்கும் சிப்புக்கும் நடுவே தூது போவது டிரைவர்தான். இன்டெல் வைஃபை சிப்களுக்கான டிரைவர் லினக்ஸ் கெர்னலிலேயே உண்டு. பிராட்காம் சிப்கள் சில முரண்டு பிடிக்கும். லினக்ஸைப் பென் டிரைவில் ஏற்றி, கடையிலேயே லைவ் முறையில் பூட் செய்து பார்ப்பது உத்தமம். வைஃபை, சத்தம், திரை வெளிச்சம் மூன்றையும் சோதித்துவிட்டு, லேப்டாப்பை மூடித் திறக்க வேண்டும். தூங்கி விழிக்கத் தெரியாத லேப்டாப், பேரத்துக்கு நல்ல காரணம்.

புதிய மேக்கில் விண்டோஸை நேரடியாகப் போட முடியுமா? (கோரமங்களா)

முடியாது. 2020-இல் வந்த எம்1 முதல் ஆப்பிள் சிப்கள் ஏ.ஆர்.எம். வகை. இன்டெல் மேக்குகளில் விண்டோஸுக்கு வழிவிட்ட பூட் கேம்ப் இவற்றில் இல்லை. மேக் ஓ.எஸ்.ஸுக்குள் மெய்நிகர் இயந்திரம் அமைத்து, ஏ.ஆர்.எம். விண்டோஸை ஓட்டலாம். எம்1, எம்2 மேக்குகளுக்கு அசாஹி லினக்ஸும் இருக்கிறது.

பெங்களூருவில் யாராவது வன்பொருளுக்கு அளவெடுத்து ஓ.எஸ். தைத்தது உண்டா? (கே.ஆர்.புரம்)

உண்டு, சிம்ப்யூட்டர். இந்திய அறிவியல் கழகப் பேராசிரியர்களும் என்கோர் சாஃப்ட்வேர் நிறுவனமும் சேர்ந்து உருவாக்கிய கையடக்கக் கணினி இது, 2001-இல் அறிமுகமானது. 206 மெகாஹெர்ட்ஸ் ஸ்ட்ராங் ஏ.ஆர்.எம். புராசஸர், ஹார்ட் டிஸ்க்குக்குப் பதில் ஃபிளாஷ் நினைவகம், இலக்கு விலை சுமார் 9,000 ரூபாய். அதே ஆண்டில் வந்த விண்டோஸ் எக்ஸ்.பி.க்கு 1.5 ஜி.பி. டிஸ்க் இடம் தேவைப்பட்டது, அது ஏ.ஆர்.எம்.மில் ஓடவும் ஓடாது. லினக்ஸில் வேண்டாததை வெட்டலாம், லைசென்ஸ் கட்டணமும் இல்லை. எனவே லினக்ஸ். 2004-இல் வந்த அமிடா சிம்ப்யூட்டரில், கையை அசைத்தே பக்கம் புரட்டலாம். சட்டை கச்சிதமாகப் பொருந்தியது, சந்தைதான் பொருந்தவில்லை. விற்பனை சில ஆயிரங்களோடு நின்றது.

ஓ.எஸ். இல்லாமலே கம்ப்யூட்டர் ஓடுமா? (ராமமூர்த்தி நகர்)

தாராளமாக. ஆர்டுயினோ ஊனோ பலகையில் ரேம் 2 கே.பி., ஃபிளாஷ் 32 கே.பி. தொட்டியில் தண்ணீர் நிறைந்ததும் மோட்டாரை நிறுத்த ஒரே ஒரு புரோகிராம் போதும். பல வேலைகளை நேரம் தவறாமல் செய்ய வேண்டிய சின்னச் சிப்களுக்கு ஃப்ரீ ஆர்டாஸ் போன்ற நிகழ்நேர ஓ.எஸ்.கள் உள்ளன. மோட்டாரை நிறுத்த விண்டோஸ் வைத்தால், தொட்டி வழியும் நேரம் பார்த்து அது அப்டேட் கேட்கும்.