நாலு மீட்டர் தள்ளி

பட்டாசுக்குச் சட்டம் உண்டு: வெடிக்கும் இடத்திலிருந்து நாலு மீட்டர் தள்ளி அளந்தால் சத்தம் 125 டெசிபலைத் தாண்டக் கூடாது. உயர் பதவிக்கு மனுப்போடும் மேலாளரின் ரெஸ்யூமேவுக்கு அந்தத் தொல்லை இல்லை. அதனால்தான் ‘தொலைநோக்குத் தலைவர்’, ‘மாற்றத்தின் சிற்பி’ என்று முதல் பக்கத்திலேயே சரவெடி கொளுத்துகிறார்கள். சிவகாசியில் வெடியும் லேபிளும் ஒரே ஊரில் தயாராகின்றன. லேபிள் அச்சடிப்பவருக்கு மருந்துக் கலவை தெரிய வேண்டியதில்லை. காசு வாங்கி ரெஸ்யூமே எழுதித் தருவோருக்கும் அதே வசதி.

விருதுநகர் காமராஜரின் பயோடேட்டாவை இன்றைய வடிகட்டி மென்பொருளில் போட்டுப் பாருங்கள். படிப்பு, ஆறாம் வகுப்போடு சரி. முன் அனுபவம், மாமாவின் ஜவுளிக்கடை. நடுவே பல ஆண்டு இடைவெளி, காரணம், சிறை. முதல் சுற்றிலேயே ஆள் வெளியே! அவர் விதிவிலக்கு, முன்பின் தெரியாத ஆளை எடைபோடக் காகிதம்தானே வழி என்பீர்கள். நியாயம்தான். ஆனால் 1954 முதல் 1963 வரையிலான முதல்வர் பதவிக்கு எதிரே எழுத அவருக்குப் பள்ளிகளும் மதிய உணவும் அணைகளும் இருந்தன. அடைமொழிக்கு அங்கே இடம் ஏது? 1920களில் கல்கத்தா போய்த் தீப்பெட்டித் தொழில் கற்றுவந்த சிவகாசி ஐய நாடாருக்கும் சண்முக நாடாருக்கும் ஒரு வரி போதும்: போனோம், கற்றோம், ஊரில் தொடங்கினோம். அடக்கமாக எழுதினால் யார் திரும்பிப் பார்ப்பார்கள் என்றால், அடக்கத்தை யார் கேட்டது? எந்த ஆலை, எத்தனை பேர், எவ்வளவு நட்டத்தைக் குறைத்தீர்கள் என்று எழுதுங்கள்; சத்தம் தானே வரும்.

அனுப்புமுன் முதல் பக்கத்தை நாலு மீட்டர் தள்ளி வைத்து ஒருமுறை பார்த்துவிடுங்கள், ஐயா.