பெட்ரோல் வாசனைப் பிரகரணம்

வாசனைகளைப் பற்றி எழுதப் புகுந்த நம் முன்னோர் மல்லிகையோடும் சந்தனத்தோடும் திருப்தியடைந்துவிட்டபடியால், பழைய காரின் பானட்டுக்குள்ளிருந்து விடியற்காலையில் புறப்பட்டு, தாழ்வாரத்தைக் கடந்து, சமையலறைக் காப்பி மணத்தோடு சரிக்குச் சரியாக மல்லுக்கு நிற்கும் பெட்ரோல் வாசனைக்கு இன்றுவரை ஒரு லட்சண நூல் ஏற்படவில்லை. அக்குறையை நிவர்த்திப்பதே இக்கட்டுரையின் பிரயோஜனம். ஆராய்ச்சிக்குரிய வஸ்து, உத்தரபாராத் தொழிற்சாலையில் உற்பத்தி 2014-இல் நின்ற பிறகும் தெருவை விட்டுப் போக மனமில்லாத அம்பாசிடரின், அதிலும் 1489 சி.சி. எஞ்சின் தாங்கிய பழைய பிரதி.

முதலில் ஓர் ஆட்சேபம். கந்தம் என்பது பிருதிவியின் விசேஷ குணம், ஜலத்துக்கு அது கிடையாது என்பது தார்க்கிகர் சித்தாந்தம். அப்படியிருக்க, தண்ணீரைப் போல் ஓடும் பெட்ரோலுக்கு வாசனை வந்தது எவ்வாறு? பெட்ரோலியம் என்ற சொல்லுக்கே கல்லெண்ணெய் என்பதுதான் பொருள் ஆகையால், பூமியின் வயிற்றில் பிறந்த அது தாய்வீட்டுச் சீதனத்தைக் கையோடு கொண்டுவந்திருக்கிறது என்று சமாதானம் கொள்க. சாஸ்திரம் பிழைத்தது, இனிக் கார் பிழைக்க வேண்டும்.

வைத்திய மரபை ஒட்டி இவ்வாசனை மூவகைப்படும். வண்டியை நிறுத்திய பின் கிளம்பிச் சிறிது நேரத்தில் தானே அடங்குவது பித்தம்: இந்த எஞ்சினில் கார்புரேட்டர் எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டுக்கு நேர்மேலே வீற்றிருப்பதால், அடுப்பை அணைத்த பிறகும் பானைச் சூட்டில் பால் பொங்குவதுபோல், உள்ளே தேங்கிய பெட்ரோல் ஆவியாகிறது. எஞ்சின் ஓடுகையில் மட்டும் வீசுவது வாதம்: பம்ப் தள்ளும் அழுத்தத்தில் ஹோஸோ கிளிப்போ இடம் கொடுக்கிறது. ஈரத்தோடு கூடியது கபம்: நீடில் வால்வில் தூசி சிக்கியோ, ஃப்ளோட் ஓட்டையாகி மூழ்கியோ, கார்புரேட்டருக்கு மூக்கு ஒழுகுகிறது. பம்பின் டயஃபிரம் கிழிந்து பெட்ரோல் எஞ்சின் ஆயிலில் கலந்துவிடும் உள்ளூறு வியாதியும் உண்டு. அதற்கு டிப்ஸ்டிக்கை உருவி முகர்வதே நாடி பார்த்தல்.

இனிப் பிரமாண விசாரம். புகை கண்ட இடத்தில் நெருப்பை அனுமானிப்பது பண்டைய நியாயம். இங்கோ நெருப்பு வருவதற்கு முன்பே அனுமானத்தை முடித்தாக வேண்டும். பெட்ரோல் ஆவி காற்றைவிட மூன்று மடங்குக்கு மேல் கனமானதால் தரையோடு தவழ்ந்து மூலையில் பதுங்குவது; சைபருக்குக் கீழே 40 டிகிரிக் குளிரிலும் பொறி பட்டால் பற்றுவது. ஆகவே, தீக்குச்சி கிழித்துப் பிரத்தியட்சமாகக் காண விரும்பும் ஜிக்ஞாசுவின் ஆராய்ச்சி அவனோடேயே பூர்த்தியாகும். சாவியைக் கையில் எடுத்துக்கொண்டு, பானட்டைத் திறந்து காற்றாட விட்டு, எஞ்சின் ஆறியபின், டார்ச் வெளிச்சத்தில் வெள்ளைத் துணியால் இணைப்பு இணைப்பாகத் துடைத்து முகர்வதே உத்தம மார்க்கம்.

இம்மார்க்கத்தில் மூன்று நாள் முயன்று, எங்கள் வீட்டு வண்டிக்கு வந்திருப்பது வாதமே, குற்றவாளி பம்படிக் கிளிப்பே என்று அடியேன் சித்தாந்தம் செய்திருந்தேன். எஞ்சியிருந்தது ஆப்த வாக்கியம் ஒன்றே. அதற்குரிய மெக்கானிக், கேட்டருகில் வரும்போதே மூக்கை ஒருமுறை உறிஞ்சி, வாயிலிருந்த பீடியை வெளியே போட்டு நன்றாக மிதித்துவிட்டு உள்ளே வந்ததில், மேற்கூறிய பிரமாண விசாரம் முழுவதும் அடங்கிவிட்டது. என் வியாக்கியானத்தைப் பொறுமையாகக் கேட்டுக்கொண்டே, கிளிப்பைத் தொடாமல், கரிபடிந்த ஹோஸை இரண்டு விரலால் லேசாக வளைத்தார். கிழவியின் குதிகாலைப் போல் அது வரிவரியாக வாய் திறந்தது.

"சூட்டுல ரப்பர் செத்துப்போச்சு சார். கிளிப்பு பாவம், அது மேல தப்பில்ல. ஒரு சாண் ஹோஸ் மாத்தினா சரியாப் போயிடும். பாருங்க, பித்தவெடிப்பு மாதிரி எப்படி வெடிச்சிருக்கு!"

வாதம் என்று நான் எழுதி வைத்திருந்த இடத்தை மௌனமாக அடித்துத் திருத்திக்கொண்டேன்.