கண்ணீருக்கும் ஒரு முறை உண்டு

ஆண்பிள்ளை அழலாமா என்று தவிப்பவர்கள் இலங்கையின் மாத்தளைத் தோட்டங்களுக்கு வரவேண்டும். விடை அங்கே எப்போதோ தயார். மாசியில் காமன் கூத்து. சிவன் மன்மதனை எரித்ததும் ரதி தலைவிரிகோலமாய்ப் புலம்புவாள். அந்த ரதி, வழக்கப்படி, மீசை மழித்த ஆண். சேலை, வளையல், தப்புச் சத்தம் சகிதம் அவன் அழுவான். லயக் குடியிருப்பே மூக்கைச் சிந்தும். என்ன ஒழுங்கு! மற்ற நாட்களுக்குச் சாராயம் இருக்கிறது: அரைப் போத்தலுக்குப் பிறகு வழிவது போத்தலின் கண்ணீர், ஆம்பிளையுடையது அல்ல.

அடக்கினால் நெஞ்சு வெடிக்காதா என்பார்கள். வெடிக்கட்டுமே, மாரடைப்பு கௌரவமான நோய். சாவு வீட்டிலும் ஒப்பாரி பெண்கள் பொறுப்பு. ஆண்களுக்குப் பந்தல் வேலை. ஒரே சிக்கல், சேலையைக் களைந்த பிறகும் ரதி விசும்பினால். அதற்கும் வழியுண்டு: “என்னமா நடிக்கிறான்!” என்று இன்னொருமுறை கைதட்டிவிடுவார்கள்.