ஏப்பம் யாருக்கு?

பால் குடித்தபடியே தூங்கிப்போன கைக்குழந்தையை, ஏப்பம் விடவில்லை என்ற ஒரே குற்றத்துக்காகத் தோளில் தூக்கிப் போட்டுத் தட்டுகிறோம். அந்தப் பிள்ளையைத் தூங்க வைக்கத்தான் முக்கால் மணி நேரமாக வீடே மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்தது. டிவியை அணைத்தாயிற்று, குக்கர் விசிலுக்குத் தடை போட்டாயிற்று, தெருநாயை மனத்துக்குள் சபித்தாயிற்று. தூங்கிவிட்டது என்று தெரிந்த மறுநிமிடமே அதை நிமிர்த்தி, பழைய வேட்டித் துணியை விரித்த தோளில் தாடையைச் சாய்த்து, உள்ளங்கையைக் குழித்துக்கொண்டு முதுகில் தட்ட ஆரம்பிக்கிறோம். தட்டல் பலிக்காவிட்டால் தடவல். தடவலும் பலிக்காவிட்டால் மடியில் உட்கார வைத்து, தாடையைக் கையில் தாங்கி, லேசாக முன்னால் சாய்த்துப் பார்ப்பது. இதற்குள் அடுத்த அறையிலிருந்து “வந்துச்சா?” என்று ஒரு குரல். எது என்று யாரும் விளக்கம் கேட்பதில்லை. கடைசியில் ஒரு சின்னச் சத்தம் கேட்கும். அது ஏப்பமா, விக்கலா என்று வீடு இரண்டு கட்சியாகும். விவாதச் சத்தத்தில் பிள்ளை விழித்து அழும். அழுகையில் காற்றை விழுங்கும். அழுகையை அடக்கப் பால் கொடுத்தால் அதோடும் காற்றை விழுங்கும். ஆக, வெளியேற்றக் கிளம்பிய காற்றைவிட அதிகமான காற்றை உள்ளே அனுப்பிவிட்டு, எல்லோருடைய தூக்கத்தையும் ஏப்பம் விட்டுவிட்டு, மறுபடியும் தோளுக்கு வருகிறோம்.

தூங்கும் குழந்தையை ஏப்பத்துக்காக எழுப்ப வேண்டியதில்லை என்பதே என் கட்சி. அந்த ஏப்பம் குழந்தைக்குத் தேவைப்படுவதைவிடப் பெரியவர்களுக்குத்தான் அதிகம் தேவைப்படுகிறது. இப்படிச் சொன்னால் பிள்ளை பெற்ற எந்த வீட்டிலும் எனக்குக் காப்பி கிடைக்காது என்பது தெரியும். ஆனாலும் ஆதாரம் என் பக்கம்தான் சாய்கிறது.

காற்று உள்ளே போவது பொய்யில்லை. சப்பும்போது போகிறது, அழும்போது போகிறது. மார்பை நன்றாகக் கவ்விக் குடிக்கும் பிள்ளைக்குக் குறைவாகவும், புட்டிப் பாலை அவசரமாக இழுக்கும் பிள்ளைக்குக் கூடுதலாகவும் போகலாம். அது இரைப்பையில் சேர்கிறது. உணவுக்குழாயும் இரைப்பையும் கூடும் இடத்தில் ஒரு தசை வளையம் இருக்கிறது. இரைப்பை விரியும்போது அது அவ்வப்போது தளர்ந்து காற்றை மேலே விடும். தொண்டைக்கருகே இன்னொரு வளையம். அதுவும் தளர்ந்தால்தான் நாம் காத்திருக்கும் சத்தம் கேட்கும். இரண்டையும் திறப்பது நரம்புகளின் வேலை. குழந்தையை நிமிர்த்திப் பிடிப்பதில் நியாயம் உண்டு: நிமிர்ந்து நிற்கும் சோடா பாட்டிலில் காற்று கழுத்துக்கு வந்துவிடுவதுபோல, நிமிர்த்திய வயிற்றிலும் பால் கீழேயும் காற்று மேலேயும் பிரிந்துவிடும். எடை தெரியாத விண்வெளியில் இந்தப் பிரிவினை நடப்பதில்லை. அங்கே ஏப்பம் விட்டால் சாப்பாடும் துணைக்கு வருமாம். நிலவுக்குப் போகிற அளவுக்குப் படித்தவர்களும் ஏப்பத்தை அடக்கிக்கொள்ள வேண்டியிருக்கிறது. ஆகவே தோளில் நடக்கும் காரியத்தில் வேலை செய்வது புவியீர்ப்பு. பெயர் வாங்குவது தட்டும் கை.

இதற்குப் பெரியவர்களிடத்திலும் சாட்சி இருக்கிறது. பிறந்ததிலிருந்தே ஏப்பம் விட முடியாமல் உப்புசத்தோடும் நெஞ்சுக்குள் தவளை கத்துவது போன்ற சத்தத்தோடும் காலம் தள்ளுகிறவர்கள் உலகில் உண்டு. தொண்டை வளையம் காற்றுக்கு மட்டும் தளர மறுக்கும் இந்தக் கோளாறை 2019-இல் ராபர்ட் பாஸ்டியன் என்ற அமெரிக்கத் தொண்டை மருத்துவரும் அவருடன் பணியாற்றிய ஒருவரும் பெயரிட்டு விவரித்தார்கள். சிகிச்சை, அந்தத் தசையில் போடாக்ஸ் ஊசி. அவர்களின் முதுகையும் குழந்தைப் பருவத்தில் யாராவது தட்டியிருப்பார்கள். பூட்டு திறக்கவில்லை.

சரி, இதெல்லாம் உடற்கூறு. நடைமுறையில் தட்டினால் குழந்தைக்கு நல்லதுதானே என்று கேட்கலாம். நல்ல கேள்வி. சண்டிகரில் இதை நேரடியாகவே சோதித்துப் பார்த்தார்கள். ஆரோக்கியமாகப் பிறந்த குழந்தைகளும் அவர்களுடைய தாய்மாருமாக 71 ஜோடிகள். சீட்டுக் குலுக்கியது மாதிரி இரண்டாகப் பிரித்து, ஒரு பிரிவுத் தாய்மாருக்கு மட்டும் பால் கொடுத்தபின் ஏப்பம் விட வைக்கும் முறையைச் சொல்லிக் கொடுத்தார்கள். மூன்று மாதம் கண்காணித்தார்கள். முடிவு 2015-இல் ஒரு குழந்தைநல ஆய்விதழில் அச்சானது. அடங்காத அழுகையில் இரு பிரிவுக்கும் சொல்லத்தக்க வித்தியாசம் இல்லை. பால் கக்குவதில் வித்தியாசம் இருந்தது, ஆனால் எதிர்பார்த்ததற்கு நேர் மாறாக: தட்டப்பட்ட பிள்ளைகள் வாரத்துக்கு ஏறக்குறைய எட்டு முறை கக்கின, தட்டப்படாதவை நான்கு முறை. யோசித்தால் இதில் ஆச்சரியமில்லை. வயிறு நிறையப் பாலைக் குடித்துவிட்டு இருக்கும் ஒருவரைத் தூக்கிக் குலுக்கினால் காற்று மட்டும் நாகரிகமாகத் தனியே வெளியேறும் என்று எதிர்பார்ப்பது அதிகப்படி. விருந்து முடிந்து எழுந்த மாப்பிள்ளையிடம் யாரும் இதைச் செய்து பார்த்ததில்லை.

71 என்பது சின்ன எண்ணிக்கை என்று ஆட்சேபிக்கலாம். உண்மை. தாய்மாருக்குத் தாங்கள் எந்தப் பிரிவு என்பது தெரியும் என்றும் சொல்லலாம். தட்டுவதைத் தட்டுகிறவரிடமிருந்தே மறைக்கும் வித்தையை விஞ்ஞானம் இன்னும் கண்டுபிடிக்கவில்லை. ஒரே ஊரின் ஆய்வை வைத்து உலகத்துக்குச் சட்டம் போட முடியாதுதான். ஆனால் நிரூபிக்கும் பொறுப்பு யாருடையது? தூங்குகிற ஒருவரை எழுப்ப நினைப்பவர்தான் காரணம் காட்ட வேண்டும். தூங்க விடுகிறவர் கைகட்டி நின்று ஏன் விளக்கம் சொல்ல வேண்டும்?

“தட்டினால் அழுகை நிற்கிறதே, கண்ணால் பார்க்கிறோமே” என்பது அடுத்த வாதம். தோளில் போட்டால் அழுகை நிற்கும் என்பதில் யாருக்கும் தகராறு இல்லை. உடம்புச் சூடு, பழகிய வாசனை, ஆட்டம், பார்க்கக் கிடைக்கும் புதுச் சுவர் இத்தனையும் தோளோடு சேர்ந்து வருகின்றன. நிற்பதற்கான புகழை ஏப்பம் மட்டும் எப்படித் தட்டிக்கொண்டு போயிற்று என்பதுதான் கேள்வி. பிள்ளை காரணமில்லாமல் மணிக்கணக்கில் வீறிடுவதை அளக்க 1954-இல் மோரிஸ் வெஸல் என்ற அமெரிக்கக் குழந்தை மருத்துவர் ஒரு மூன்றுக் கணக்கு வகுத்தார்: நாளுக்கு மூன்று மணி நேரத்துக்கு மேல், வாரத்தில் மூன்று நாளுக்கு மேல், மூன்று வாரத்துக்கு மேல். இந்த அழுகை ஆறாவது வார வாக்கில் உச்சத்துக்குப் போய், மூன்று நான்கு மாதத்தில் தானாகவே அடங்கிவிடும். ஏன் வருகிறது என்பதற்கு ஒத்துக்கொள்ளப்பட்ட ஒரே காரணம் இன்றுவரை கிடையாது. தானாகப் போகும் ஒன்றுக்குச் செய்யப்படும் எல்லா வைத்தியமும் பலிக்கும். அது போகிற நேரத்தில் கையில் எது இருந்ததோ அதற்குப் பெருமை: ஓமத்தண்ணீர், உரைமருந்து, இடுப்பில் கட்டிய வசம்பு, தட்டிய உள்ளங்கை. இங்கிலாந்தின் நாட்டிங்காமில் 1851-இல் வில்லியம் வுட்வர்ட் தயாரித்த கிரைப் வாட்டர் பல தலைமுறைப் பிள்ளைகளை அமைதிப்படுத்தியது. பழைய கலவையில் ஆல்கஹாலும் இருந்தது என்பதால் அந்த அமைதிக்கு வேறு விளக்கம் தேட வேண்டியதில்லை. தட்டலில் அப்படிப்பட்ட கலப்படம் ஏதும் இல்லை என்பதை ஒப்புக்கொள்கிறேன்.

இன்னொன்று. இரைப்பையைத் தாண்டிக் குடலுக்குள் போய்விட்ட காற்றும், குடலிலேயே பாலின் சர்க்கரையைக் கிருமிகள் புளிக்க வைத்து உண்டாக்கும் காற்றும் ஏப்பத்தின் அதிகார எல்லைக்குள் வராதவை. அவை வெளியேற இயற்கை வேறு வாசல் வைத்திருக்கிறது. பச்சைப் பிள்ளைகள் அந்த வாசலைக் கூச்சமில்லாமல், தூக்கம் கலையாமல், சில சமயம் தாத்தாவே திடுக்கிடும் சத்தத்தோடு பயன்படுத்திக்கொள்கின்றன. அதற்கு யாரும் துணை செய்வதில்லை. வந்துச்சா என்றும் கேட்பதில்லை.

எல்லா ஆட்சேபங்களிலும் கனமானது பயம்தான்: ஏப்பம் விடாமல் படுக்க வைத்தால் பால் மேலே வந்து புரையேறிவிடுமே! இதைச் சிரித்து ஒதுக்க மாட்டேன். கக்கும் பிள்ளைகள் ஏராளம். சிகாகோ வட்டாரத்தில் எடுத்த ஒரு கணக்கு 1997-இல் வெளியானது. மூன்று மாதத்துக்குட்பட்ட பிள்ளைகளில் பாதி, நாளுக்கு ஒரு முறையாவது கக்குகின்றன, நான்காம் மாதத்தில் மூன்றில் இரண்டு பங்கு, வயது ஒன்று நெருங்கும்போது இருபதில் ஒன்று என்றது. கக்கின பிள்ளை தக்கும் என்று நம் ஊர்க் கிழவிகள் சிகாகோவைக் கேட்காமலே சொல்லி வைத்தார்கள். ஆனால் கக்குவது வேறு, மூச்சுக்குழாயில் போவது வேறு. மல்லாந்து படுத்திருக்கும் பிள்ளைக்கு மூச்சுக்குழாய் மேலேயும் உணவுக்குழாய் அதற்குக் கீழேயும் அமைந்திருக்கின்றன. மேலே வரும் பால் மூச்சுக்குழாய்க்குள் போக வேண்டுமானால் ஏற்றத்தில் ஏற வேண்டும். குப்புறப் படுத்தால்தான் அமைப்பு தலைகீழாகி, பால் மூச்சுக்குழாயின் வாயருகே வந்து தேங்கும். இது காகிதத்தில் போட்ட கணக்கு மட்டும் அல்ல. தூக்கத்திலேயே பிள்ளைகள் திடீரென்று இறந்துபோவதைத் தடுக்க, பிரிட்டனில் 1991-லும் அமெரிக்காவில் 1994-லும், மல்லாத்திப் படுக்க வையுங்கள் என்று பெரிய இயக்கமே நடத்தினார்கள். புரையேறிச் சாகுமே என்று அங்கும் பாட்டிமார் அஞ்சினார்கள். லட்சக்கணக்கான பிள்ளைகள் மல்லாந்து படுத்தன. அந்தத் திடீர் மரணங்கள் பாதிக்கும் கீழே இறங்கின. புரையேறும் சாவுகள் கூடவில்லை. அத்தனை பிள்ளைகளும் ஏப்பம் விட்டுவிட்டுத்தான் படுத்தன என்று நம்புவதற்கு, பெற்றோர்களைப் பற்றி ரொம்பவும் உயர்ந்த அபிப்பிராயம் வேண்டும்.

நான் தட்டுவதையே தடை செய்யச் சொல்லவில்லை. விழித்திருக்கும் பிள்ளை பாலின் நடுவே முகத்தைத் திருப்பிக்கொண்டு, முதுகை வில்லாக வளைத்து, காலை உதைத்தால் அது ஏதோ சொல்கிறது; தோளில் போடுங்கள், கொஞ்சம் தட்டுங்கள், வந்தால் வரட்டும். புட்டியில் மளமளவென்று குடிக்கும் பிள்ளையை இடையில் ஒரு முறை நிமிர்த்துவதும் சரி. அதிகம் கக்கும் பிள்ளையைக் குடித்தபின் சற்று நேரம் நிமிர்த்தி வைத்திருக்கலாம். அதற்குத் தட்ட வேண்டாம், பிடித்திருந்தால் போதும், அது பாட்டுக்குத் தூங்கும். குறைமாதக் குழந்தைக்கு மருத்துவர் தனியாக ஏதாவது சொல்லியிருந்தால் அதுதான் சட்டம், இந்தக் கட்டுரை அல்ல. பச்சை நிறத்தில் வாந்தி, பீய்ச்சி அடிக்கும் வாந்தி, எடை ஏறாமை என்றால் ஏப்பத்தைப் பற்றிப் பேசிக்கொண்டிருக்காமல் ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டும்.

“எட்டுப் பிள்ளை வளர்த்த எனக்குத் தெரியாதா?” என்ற மாமியாரின் வாதத்துக்குத் தர்க்கத்தில் பதில் இல்லை, இருந்தாலும் சொல்லும் துணிவு மருமகளுக்கு இல்லை. ஆனால் அந்த எட்டில் எத்தனை பிள்ளைகளை எத்தனை ராத்திரி எழுப்பித் தட்டியிருப்பார் என்று கொஞ்சம் கணக்குப் போட்டுப் பார்க்கலாம். ஒன்று மார்பில், ஒன்று தூளியில், ஒன்று முந்தானையைப் பிடித்துக்கொண்டு, விடிந்தால் மாட்டுக்குத் தீனி. படுத்தபடியே பால் கொடுத்து, கொடுத்தபடியே கண் அசந்தவர்கள் அந்தக் காலத்துத் தாய்மார். ஓய்வாக உட்கார்ந்து ஏப்பத்துக்குக் காவலிருக்கும் வழக்கம், வீட்டில் ஒரே பிள்ளையும் அதற்கு நான்கு பெரியவர்களும் என்று விகிதம் மாறியபின் தழைத்தது என்றே நினைக்கிறேன்.

உண்மையான அபாயம் எதிர்த்திசையில் இருக்கிறது. ராத்திரி இரண்டு மணிக்கு, நாள் கணக்கில் தூக்கமில்லாத ஒருவர், வராத ஏப்பத்துக்காகப் பிள்ளையை மார்பில் சாய்த்துக்கொண்டு சோபாவில் உட்கார்ந்தால், முதலில் தூங்கப்போவது பிள்ளை அல்ல, அவர்தான். பிள்ளையோடு சோபாவில் கண் அயர்வதை மிக ஆபத்தான தூக்க முறைகளில் ஒன்றாக அமெரிக்க, பிரிட்டிஷ் குழந்தை மருத்துவர்கள் எச்சரிக்கிறார்கள். மெத்தைக்கும் உடம்புக்கும் நடுவே பிள்ளை நழுவி மூச்சடைத்துப் போகலாம். கற்பனையான ஆபத்தைத் தடுக்க நிஜமான ஆபத்தில் உட்காருவதற்குப் பதில், தூங்கிய பிள்ளையைச் சமமான, அதிகம் அழுந்தாத படுக்கையில் மல்லாத்திப் போட்டுவிட்டுத் தானும் படுப்பது உத்தமம்.

இத்தனைக்கும் பிறகு மிஞ்சும் ஆட்சேபம் ஒன்றுண்டு; மருத்துவத்தில் சேராதது, வேலைவாய்ப்பில் சேர்வது. பால் கொடுக்கத் தகப்பனால் ஆகாது. தாலாட்டுப் பாடினால் குழந்தைக்குப் பதில் அக்கம்பக்கம் அழும். ராத்திரியில் அவருக்கென்று இருக்கும் ஒரே உத்தியோகம் ஏப்பம்தான். அதையும் பிடுங்கிவிட்டால் அவர் என்ன செய்வார்? தொட்டிலுக்கடியில் ஈரத்துணி மூன்று கிடக்கிறது. வாளியில் தண்ணீரும் இருக்கிறது.