எடிசன் மொட்டைமாடிக்கு வந்த கதை

பள்ளிக்கூடப் புத்தகத்தில் எடிசன் ஒரு மகான். பல்பு எரியும், பாடம் முடியும். அதற்கப்புறம் மனிதர் பண்ணிய அட்டகாசங்களைப் பாடத்திட்டக் குழு நாசூக்காக விட்டுவிட்டது.

1882 செப்டம்பர் 4. நியூயார்க்கின் பேர்ல் தெருவில் எடிசனின் மின்நிலையம் ஓட ஆரம்பித்தது. ஒவ்வொரு டைனமோவும் 27 டன். சர்க்கஸ் முதலாளி பார்னம் அந்த வருஷம்தான் லண்டனிலிருந்து ஜம்போ யானையைக் கொண்டுவந்து ஊரையே கிறுக்காக்கியிருந்தார். டைனமோவுக்கும் ஜம்போ என்றே பெயர். எடிசன் நிலையத்தில் நிற்கவில்லை. வால் தெருவில், பணம் போட்ட ஜே.பி. மார்கனின் ஆபீசில் போய் நின்றுகொண்டார். விளக்கு முதலில் எங்கே எரிய வேண்டும் என்பது அவருக்குத் தெரியும்.

அந்தக் கரண்ட் டிசி, 110 வோல்ட். மீட்டர்தான் வேடிக்கை. ஒரு ஜாடியில் ரசாயனத் தண்ணீர், அதற்குள் துத்தநாகத் தகடுகள். டிசி ஒரே திசையில் ஓடுவதால் ஒரு தகடு கரைந்து இன்னொன்றில் படியும். மாதம் ஒருமுறை ஆள் வந்து தகட்டைக் கழற்றிப்போய்த் தராசில் நிறுத்துப் பில் போடுவார். மீட்டர் ஓட்டமாக ஓடுகிறது என்று ஈபி ஆபீசில் சண்டை போடுகிற நம் ஆட்கள் அங்கே இருந்திருந்தால் தராசையே பறிமுதல் செய்திருப்பார்கள்.

ஆன் தெருவும் நாசோ தெருவும் சேரும் முனையில் ஒருநாள் பூமிக்கடியில் கேபிள் கசிந்தது. ஈரத்தரையில் இரும்பு லாடத்தோடு கால்வைத்த குதிரைகள் எல்லாம் துள்ளிக் குதித்தன. எடிசனே பிற்பாடு சொன்ன கதை இது. அதில் உச்சம், மறுநாள் ஒருவர் வந்து அதே ஏற்பாட்டைத் தனக்கும் செய்துதர முடியுமா என்று கேட்டதுதான். அதன்மேல் நிறுத்தினால் கிழட்டுக் குதிரையும் பந்தயக் குதிரை மாதிரி நிற்கும், நல்ல விலைக்குத் தள்ளிவிடலாமாம்.

டிசிக்கு இருந்த ஒரே வியாதி, தூரம். நிலையத்திலிருந்து ஒரு மைல் தாண்டினால் விளக்கு அழுது வடியும். கம்பியில் வீணாகும் சூடு கரண்டின் இருமடிக்கு ஏறும். அதைச் சமாளிக்கத் தாமிரத்தைக் கொட்ட வேண்டும், இல்லையென்றால் மைலுக்கு ஒரு நிலையம் கட்ட வேண்டும். போட்டிக்கு வெஸ்டிங்ஹவுஸ் என்ற தொழிலதிபர், திசை மாறி மாறி ஓடும் ஏசியோடு வந்தார். டிரான்ஸ்ஃபார்மர் வைத்து வோல்டேஜை ஏற்றி, மெல்லிய கம்பியில் ஊர்விட்டு ஊர் அனுப்பி, வாசலில் இறக்கிக் கொடுத்தார். டிசிக்கு டிரான்ஸ்ஃபார்மர் வேலை செய்யாது. எடிசனிடம் கொஞ்சகாலம் வேலை பார்த்துக் கோபித்துக்கொண்டு போன டெஸ்லா, 1888-ல் தன் ஏசி மோட்டார் காப்புரிமையை வெஸ்டிங்ஹவுஸிடம் கொடுத்தார்.

கணக்கில் தோற்றால் என்ன செய்வது? எதிராளியின் சரக்கு ஆளைக் கொல்லும் என்று கிளப்பிவிட வேண்டும். ஹரால்டு பிரவுன் என்ற எலெக்ட்ரிக்கல் ஆசாமி 1888 ஜூலையில் கொலம்பியா கல்லூரியில் சபைகூட்டி ஒரு நாயை நிறுத்தினார். 1000 வோல்ட் வரை டிசி கொடுத்தார். நாய் துடித்தது, சாகவில்லை. அப்புறம் 330 வோல்ட் ஏசி, செத்தது. டிசம்பரில் எடிசனின் ஆய்வுக்கூடத்திலேயே ஒரு குதிரையையும் கன்றுக்குட்டிகளையும் ஏசியில் கொன்று காட்டினார்கள். டிசி துள்ளவைத்த குதிரைகள் இந்த ஆய்வில் சேர்க்கப்படவில்லை.

பிரவுன் அதோடு நிற்கவில்லை. வெஸ்டிங்ஹவுஸைப் பந்தயத்துக்குக் கூப்பிட்டார்: நான் டிசி வாங்கிக்கொள்கிறேன், நீ ஏசி வாங்கிக்கொள். 100 வோல்டில் ஆரம்பித்து ஐம்பது ஐம்பதாக ஏற்றுவோம், யார் முதலில் கத்துகிறார் பார்ப்போம். வெஸ்டிங்ஹவுஸ் போகவில்லை. அவருக்குக் கம்பெனி நடத்துகிற வேலை இருந்தது. (கோனி தீவில் எடிசன் யானையைக் கொன்றார் என்று வாட்ஸப்பில் சுற்றுவது சண்டைக்கெல்லாம் ரொம்பப் பிந்தி, 1903-ல் நடந்தது. அதில் எடிசன் கம்பெனிக்காரர்கள் படம்தான் பிடித்தார்கள். இருக்கிற பாவமே போதும் அவருக்கு.)

1892-ல் மார்கன் தலையிட்டு எடிசனின் கம்பெனியை இன்னொன்றோடு இணைத்து ஜெனரல் எலெக்ட்ரிக் என்று பெயர் வைத்தார். பெயரில் முன்னால் இருந்த எடிசன் காணாமல் போனார். அடுத்த வருஷம் சிகாகோ உலகக் கண்காட்சி வெஸ்டிங்ஹவுஸின் ஏசியில் ஜொலித்தது. 1896-ல் நயாகரா கரண்ட் பஃபலோ நகரத்துக்குப் போய்ச் சேர்ந்தது. ஆட்டம் முடிந்தது என்றார்கள்.

இந்தக் களேபரத்தின் நடுவில், அதே நியூயார்க்கில், 1880-களில் சார்லஸ் ஃபிரிட்ஸ் என்பவர் செலினியத்தின்மேல் மெல்லிய தங்கப் பூச்சு பூசி, கூரையில் வெயிலில் வைத்துக் கரண்ட் எடுத்துக்கொண்டிருந்தார். விழுந்த வெயிலில் நூற்றில் ஒரு பங்குதான் தேறியது, ஆனால் அது டிசி. எடிசன் ஒருமுறை நிமிர்ந்து பார்த்திருக்கலாம். அவர் நாய் தேடிக்கொண்டிருந்தவர்களோடு இருந்தார்.

1954-ல் பெல் ஆய்வுக்கூடத்தார் சிலிக்கனில் அதை 6 சதவீதமாக்கி, குட்டி ராட்டினம் ஒன்றைச் சுற்றவிட்டுக் காட்டினார்கள். அதுவும் டிசிதான். சிலிக்கனுக்கு வேறு பாஷை தெரியாது. இப்போது உங்கள் மாடியில் இருக்கும் பேனலும் அதே வம்சம். எடிசனைத் தோற்கடித்தது தூரம் ஒன்றுதான். மின்நிலையம் தலைக்கு மேலேயே வந்துவிட்டால் அந்த வழக்கே செல்லாது. ஆனால் அதற்குள் வீட்டு வயரிங் முழுக்க எதிர்க்கட்சிக்குப் போய்விட்டது.

ஆகவே நடுவில் ஒரு தரகர், இன்வெர்ட்டர். இந்தப் பெயரை 1925-ல் டேவிட் பிரின்ஸ் என்பவர் ஒரு கட்டுரையில் வைத்தார். எந்தக் கம்பெனிப் பத்திரிகையில் என்று நினைக்கிறீர்கள்? எடிசன் பெயரைக் கழற்றிய அதே ஜெனரல் எலெக்ட்ரிக். பேனல் டிசி தருகிறது. தரகர் கமிஷன் எடுத்துக்கொண்டு ஏசியாக்குகிறார். எல்இடி பல்புக்குள்ளும் போன் சார்ஜருக்குள்ளும் குட்டித் தரகர்கள் உட்கார்ந்து தங்கள் பங்கையும் எடுத்துக்கொண்டு மறுபடி டிசியாக்குகிறார்கள். மாடியிலிருந்து கூடத்துக்கு இறங்குவதற்குள் இத்தனை பட்டா மாற்றம்.

இதில் கூத்து என்னவென்றால், எந்தக் கரண்ட் சாது என்று எடிசன் சத்தியம் செய்தாரோ, அதைப் பார்த்துத்தான் இன்று சோலார் மாட்டுகிறவர் பயப்படுகிறார். எட்டுப் பேனலைத் தொடராக இணைத்தால் 300 வோல்டைத் தாண்டும். ஏசி, விநாடிக்கு 100 முறை பூஜ்யத்தைத் தொட்டுப் போகும். சுவிட்சை அணைத்தால் பொறி அந்த இடைவெளியில் அடங்கிவிடும். டிசி தொடாது. பொறி பற்றினால் பற்றியதுதான். பழைய ஏசி எம்சிபி ஒன்றை எடுத்து டிசி லைனில் மாட்டிக் காசு மிச்சம் பிடிக்கிறவர்களின் பெட்டி கருகுவது இதனால்தான்.

சென்னை ஐஐடிக்காரர்கள் தரகரே வேண்டாம் என்று 48 வோல்ட் டிசி வீடு செய்து பார்த்தார்கள். பேனல், பேட்டரி, ஃபேன், விளக்கு எல்லாம் ஒரே ஜாதகம். ராஜஸ்தானில் ஈபி கம்பி எட்டாத கிராமத்து வீடுகளில் மாட்டவும் செய்தார்கள். விளக்குக்கும் ஃபேனுக்கும் அருமை. சமையலறையில்தான் பழைய வியாதி திரும்பும்: 750 வாட் மிக்ஸிக்கு 230 வோல்டில் மூன்று சொச்சம் ஆம்பியர் போதும், 48 வோல்டில் பதினைந்துக்கு மேல் இழுக்கும். மறுபடி தடிமனான தாமிரம், மறுபடி பேர்ல் தெரு.

இத்தனைக்கும் மிக்ஸிக்குள் இருக்கும் கார்பன் பிரஷ் மோட்டாருக்குக் கட்சியே கிடையாது. ஏசி கொடுத்தாலும் சுற்றும், டிசி கொடுத்தாலும் சுற்றும், இரண்டிலும் சட்னி ஒரே மாதிரிதான் அரையும். 230 வோல்ட் டிசியில் போட்டுவிட்டு அணைக்கப் போனால், அந்தத் திருகு சுவிட்சுதான் பொறியில் கருகும்.